இரண்டு தடத்தை அடைக்கும் மகிழுந்து



சென்ற பள்ளி விடுமுறைக்குச் சற்று முன்னர் எங்கள் பள்ளி நூலகத்திற்கு ஒரு பெட்டி நிறையப் பழைய இதழ்கள் வந்து சேர்ந்தன. தங்காக்கில் நெடுங்காலம் துணிக்கடை நடத்திய ஒரு குடும்பத்தினர், பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது மாடியில் கிடந்தவற்றை எறிய மனமின்றி அனுப்பியிருந்தார்கள். எல்லாம் 1950களிலும் 1960களிலும் அமெரிக்காவில் அச்சான ஆங்கில இதழ்கள். கரையான் தின்றது போக மீதிதான். ஆயினும் வண்ணப் பக்கங்கள் மங்கவில்லை.

கட்டுரைகளை எந்தப் பிள்ளையும் படிக்கவில்லை. அவர்கள் கண்கள் விளம்பரங்களில்தான் நின்றன. அவற்றிலும் மகிழுந்து விளம்பரங்களில். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் போண்டியாக் விளம்பரம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, அடிக்கோலால் எதையோ அளந்துகொண்டிருந்தான். “என்னடா செய்கிறாய்?” என்று கேட்டேன். “டீச்சர், இந்தக் காடிக்குள் இருக்கிற ஆளை நீட்டிப் படுக்க வைத்தால், காடியின் அகலத்தில் பாதிகூட வராது. இது எப்படி ரோட்டில் போகும்? இரண்டு தடத்தையும் அடைத்துக்கொள்ளுமே!” என்றான்.

அவன் கேள்வி நியாயமானதுதான். அவை புகைப்படங்கள் அல்ல, ஓவியங்கள். ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக் வண்டியை வரைவார். வேன் காஃப்மன் பின்னணியையும் மனிதர்களையும் தீட்டுவார். 1959 தொடங்கி 1971 வரை இவ்விருவரும் போண்டியாக் நிறுவனத்திற்காக வரைந்து தள்ளினார்கள். ‘அகலத் தடம்’ என்பது அந்நிறுவனத்தின் அன்றைய முழக்கம். சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை ஐந்து அங்குல அளவு கூட்டினார்கள். ஓவியர்களோ வண்டியையே பாய் விரித்ததுபோல் விரித்துவிட்டார்கள். அறுபது ஆண்டுகளாக எத்தனையோ பேர் அந்தப் படங்களை வியந்து பார்த்திருப்பார்கள். அடிக்கோலை எடுத்தவன் எங்கள் பையன்தான்!

அன்று மாலை அந்தப் பெட்டியை நானே இல்லத்திற்குக் கொண்டுவந்தேன். ஒரு வாரம் அதிலேயே கழிந்தது.

அந்த விளம்பரங்களின் மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்லிணை மாற்றும் பொறிக்கு ‘ஹைட்ரா-மேட்டிக்’, ‘டைனாஃப்ளோ’, ‘டர்போகிளைடு’ என்று பெயர்கள். கேட்டால் விண்வெளிக் கலத்தின் உறுப்புகள் என்றே தோன்றும். ஓல்ட்ஸ்மொபீலின் இயந்திரத்திற்குப் பெயரே ‘ராக்கெட்’. 1948-இல் கெடிலாக் வண்டியின் பின்புறத்தில் ஒரு போர் விமானத்தைப் பார்த்துச் சிறு துடுப்பு வைத்தார்கள். அது ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, 1959-இல் சுறாமீன் வால்போல் ஓங்கி நின்றது. அந்தத் துடுப்பால் வண்டி விரைவாக ஓடியதா? இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பிளிமத் வண்டிக்கு, ‘திடீரென 1960 பிறந்துவிட்டது’ என்னும் பொருள்பட ஒரு முழக்கம் வைத்தார்கள். மூன்றாண்டு முன்னதாகவே எதிர்காலம் வந்துவிட்டதாம்! வந்த எதிர்காலம் விரைவிலேயே துருப்பிடித்தது. அவ்வாண்டு வண்டிகள் அரைகுறை வேலைப்பாட்டிற்கும் துருவிற்கும் பெயர் பெற்றவை.

இந்தக் கலைக்கு மூத்தவர் நெட் ஜோர்டன் என்பவர். கிளீவ்லாந்து நகரில் சிறிய மகிழுந்து நிறுவனம் ஒன்றை நடத்தினார். தொடர்வண்டியில் வயோமிங் மாநிலத்தைக் கடந்தபோது, குதிரையேறி வண்டியோடு போட்டியிட்டு விரைந்த ஒரு பெண்ணைச் சன்னல் வழியே கண்டாராம். இது எந்த இடம் என்று கேட்டதற்கு, லாரமி நகருக்கு மேற்கே எங்கோ ஓரிடம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலையே தலைப்பாக்கி 1923-இல் ஒரு விளம்பரம் எழுதினார். அதில் குதிரை உண்டு, காற்று உண்டு, வெயில் காய்ந்த கன்னம் உண்டு. வண்டியின் இயந்திரம், விலை, உறுதி எதைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லை. பிறருடைய தொழிற்சாலைகளில் வாங்கிய உறுப்புகளைக் கோத்துச் செய்த வண்டிதான் அது. எட்டே ஆண்டில், 1931-இல், நிறுவனம் மறைந்தது. விளம்பரத்தை மட்டும் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள்.

எட்செல் கதை இன்னும் பெரியது. ஃபோர்டு நிறுவனம் புது வண்டிக்குப் பெயர் தேடி 1955-இல் கவிஞர் மரியன் மூர் அம்மையாருக்கே கடிதம் எழுதியது. அவர் அனுப்பிய பெயர்களுள் ஒன்று ‘உட்டோப்பியன் டர்டில்டாப்’. கற்பனை உலகத்து ஆமையோடு என்று தமிழாக்கலாமோ? (ஆமை புகுந்த வீடு என்று நம்மவர்கள் அப்போதே எச்சரித்திருப்பார்கள்.) இறுதியில் ஃபோர்டு மகனின் பெயரையே வைத்தார்கள். வண்டியைத் துணியால் மூடி, மாதக் கணக்கில் ஆவலைக் கிளப்பி, 1957 செப்டம்பர் 4-ஆம் நாள் திரையை விலக்கினார்கள். அவ்வளவு பெரிய வாக்குறுதிக்குப் பின்னால் நின்றது சாதாரண மகிழுந்து. 1959 நவம்பரில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

தமிழாசிரியர் மிகைப்படுத்தலைக் கண்டு முகம் சுளிக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். உயர்வு நவிற்சி நம் இலக்கியத்தின் உயிர்நாடிகளுள் ஒன்று. மன்னனின் யானை நடந்தால் மண் அதிர்கிறது. மதில் முகிலைத் தொடுகிறது. திரைப்பட விளம்பரத்தில் மட்டும் நாம் என்ன குறைந்தவர்களா? 1948-இல் ஜெமினி வாசன் ‘சந்திரலேகா’வை விளம்பரப்படுத்திய விதத்தை என் தந்தையார் தம் முதுமையிலும் சொல்லிச் சொல்லி வியப்பார். ஆனால், தண்டியலங்காரம் இதனை அதிசய அணி என்று கூறுமிடத்தில் ஒரு வரம்பு கட்டுகிறது. ஒரு பொருளின் அழகை உவந்து சொல்லும்போது, உலக வழக்கின் எல்லையைக் கடந்துவிடக் கூடாது. கேட்கும் சான்றோர் வியக்க வேண்டும். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மதில் முகிலைத் தொடாது என்பது சொல்பவனுக்கும் தெரியும், கேட்பவனுக்கும் தெரியும். அந்த மதிலை யாரும் தவணை முறையில் வாங்கப் போவதில்லை. விளம்பரத்தின் கதை வேறு. அங்கே கேட்பவன் நம்பினால்தான் பொருள் விலைபோகும்.

பெட்டியிலிருந்த படங்களை மீண்டும் மீண்டும் பார்த்ததில் எனக்கு வேறொன்றும் உறைத்தது. கடற்கரை, மாளிகை, மென்மயிர் மேலாடை அணிந்த பெண்மணி, முகம் தெரியும்படி பளபளக்கும் உலோகம் என எல்லாம் உண்டு. சக்கரங்களுக்கு அழகிய வெள்ளை வளையம் உண்டு. அந்தச் சக்கரம் எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நாம் இந்நாட்டில் இருப்பதற்கு அந்தச் சக்கரம் ஒரு பெருங்காரணம் அல்லவா? 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வெளிவந்தது. 1927-க்குள் 15 மில்லியன் வண்டிகள் உருண்டோடின. 1910-இல் இரப்பர் விலை எட்டாத உயரத்திற்குப் போனது. மலாயாவின் காடுகள் அழிந்து பால்மரக் காடுகள் ஆயின. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். அவர்களும் ஒரு வகையில் விளம்பரம்தானே செய்தார்கள்? தேங்காயும் மாசியும் மரத்தடியில் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாக எங்கள் பாட்டி சொல்வார். உதவி பெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு 1938-இல் தடை செய்யும்வரை கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. சிங்கப்பூரில் 1942 பிப்ரவரி 15-இல் ஆங்கிலேயர் சரணடைந்த இடமும் ஒரு ஃபோர்டு தொழிற்சாலைதான் என்பதை வரலாற்றுப் பாடத்தில் நாம் நடத்துகிறோம். அதன் பிறகே அமெரிக்கா செயற்கை இரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது.

என் தாயார் குனோங் லேடாங் அடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் பால் வெட்டினார். விடியுமுன் பிரட்டுக்கு நிற்பார்; தலையில் விளக்கு, கையில் உளி, மங்குகளைக் கழுவிக் கழுவி வெடித்த விரல்கள். எங்கள் குடும்பத்தில் முதல் மகிழுந்து வந்தது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது. பழைய புரோட்டோன் சாகா. 1985-இல் அந்த வண்டி வந்தபோது நாட்டில் இருந்த பெருமிதத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயர் வைக்கப் பொதுமக்களிடையே போட்டி நடத்தினார்கள். சாகா என்பது நம் மஞ்சாடி. பொன் நிறுக்கப் பயன்பட்ட அந்தச் சிறிய, உறுதியான சிவப்பு விதையின் பெயர் வென்றது. கடலாமைப் பெயர்களைப் பார்த்தபின் இந்தப் பெயரின் அடக்கம் எனக்கு இன்னும் பிடித்துப் போயிற்று. அம்மா அதில் ஏறுமுன் வண்டியைச் சுற்றி வந்து, சக்கரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். “நல்ல பால்” என்றார்.

நான் அடுத்த வாரம் ஐந்தாம் ஆண்டிற்குத் தன்கதைக் கட்டுரை கொடுத்தேன். தலைப்பு, ‘நான் ஒரு மகிழுந்து’. பெரும்பாலானோர் வழக்கம்போல் தொழிற்சாலையில் பிறந்து, பழைய இரும்புக் கடையில் கண்ணீர் விட்டு முடித்தார்கள். அடிக்கோல் பையன் மட்டும், “என் கால்கள் என் உடலுக்கு முன்பே பிறந்தவை, அவை ஒரு மரத்தில் பாலாக இருந்தன” என்று தொடங்கியிருந்தான். எழுத்துப்பிழைகள் ஏராளம். என் தாயார் இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் தவற்றைச் சொல்லாமல் விட்டால் முறையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, முதலாம் ஆண்டு மாணவர் பதிவுக்கான துண்டறிக்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பதிவு எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. மாணவர் குறைந்தால் ஆசிரியர் குறைவர்; ஆசிரியர் குறைந்தால் வகுப்புகள் இணையும்; பிறகு பெற்றோர் வேறு பள்ளியைத் தேடுவர். அந்த அச்சத்தில் எழுதினேன். ‘அதிநவீனக் கணினிக்கூடம்’, ‘உலகத் தரக் கல்வி’, ‘ஒவ்வொரு குழந்தையும் நாளைய சாதனையாளர்’. படமும் வைத்தேன். எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பிடித்த படம். மூன்று மாடி போல் தெரியும். போண்டியாக் ஓவியர்கள் பார்த்திருந்தால் என்னைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் பிற்பகல், துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு தாய் அந்தத் துண்டறிக்கையை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். கடைச் சீருடையில் இருந்தார். உணவு இடைவேளையில் வந்திருக்கிறார். “டீச்சர், இந்தக் கணினிக்கூடத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்றார். கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறக்கவே நேரமாயிற்று. பன்னிரண்டு கணினிகளில் நான்கு ஓடின. குளிரூட்டியின் அடியில் ஒரு வாளி வைத்திருந்தோம். அவர் எதுவும் சொல்லவில்லை. துண்டறிக்கையை இன்னும் ஒருமுறை மடித்தார்.

படி இறங்கும்போதுதான் கேட்டார். “என் மகனுக்குப் பேச்சு கொஞ்சம் தாமதம் டீச்சர். எழுத்தும் வராது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பீங்களா?”

“நான் உட்காருவேன்” என்றேன். “செவ்வாயும் வியாழனும் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம்.”

“இதை ஏன் டீச்சர் இதில் போடவில்லை?”

என்னிடம் பதில் இல்லை. அவர் மகனைப் பதிந்தார். நீங்கள் ஊகித்திருப்பீர்கள், அடிக்கோல் எடுத்த பையன் அவன்தான்.

அமெரிக்காவிலும் 1959-இல் ஒரு மாற்றம் வந்தது. ஃபோல்க்ஸ்வேகன் என்னும் சின்னஞ்சிறு வண்டிக்கு, டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம், ஏறத்தாழ வெறுமையான ஒரு பக்கத்தின் மூலையில் அந்த வண்டியைச் சிறிதாக வைத்து, சிறியதாக நினையுங்கள் என்றது. அடுத்த ஆண்டு, தங்கள் வண்டி ஒன்றின் படத்தைப் போட்டு அதைக் குறையுள்ளது என்று தாங்களே எழுதினார்கள். உட்பெட்டியின் மேலிருந்த உலோகப் பட்டையில் சிறு கறை இருந்ததாம். ஆகவே விற்பனைக்கு அனுப்பவில்லையாம். அதுவும் விற்கும் தந்திரம்தான், ஐயமில்லை. ஆனால் அடிக்கோலுக்கு அஞ்சாத தந்திரம்.

அண்மையில் துண்டறிக்கைப் பொறுப்பு மீண்டும் என்னிடம் வந்தது. இம்முறை படத்தை எதிரே நின்று நேராக எடுத்தேன். எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், வாசிப்பில் பின்தங்கியோருக்கு எந்தெந்த நாளில் யார் அமர்ந்து கற்பிக்கிறார்கள் என்று எழுதினேன். ‘கணினிகள் பன்னிரண்டு, இயங்குபவை ஏழு’ என்றும் ஒரு வரி சேர்த்தேன். தலைமையாசிரியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இப்படியும் யாராவது எழுதுவார்களா டீச்சர்?” என்றார். தாளை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, நாளை வாருங்கள் என்றார்.

மறுநாள் தாள் என் மேசைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு திருத்தம். ‘ஏழு’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து ‘எட்டு’ என்று எழுதியிருந்தார். முதல் நாள் மாலையே ஆளை வரவழைத்து ஒன்றைப் பழுது பார்த்துவிட்டாராம்.