பட்டத்தை மறைத்தவன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தோட்டத்துப் பெண்ணொருத்தி பல்கலைக்கழக மனுவை நிரப்புவதற்காக என் வீட்டுக்கு வந்தாள். எஸ்.டி.பி.எம். பரீட்சையில் நன்கு தேறியவள். "அண்ணா, பட்டப் படிப்புக்குப் போகட்டுமா, இப்பொழுதே ஒரு வேலை தேடிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். நான் பட்டம் பெற்றவன் என்பதால் என்னிடம் கேட்டாள். அந்தக் காரணத்தினாலேயே எனக்கு உடனே விடை கூற நா எழவில்லை. அவளுக்கு அன்று சொன்னதையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன்.

பேரா மாநிலத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் நான் கிராணி. காலைப் பெரட்டில் பேர் பதிந்து, வெட்டிய குலைகளுக்குக் கணக்கெழுதி, சம்பளப் பட்டியல் தயாரிப்பது என் அலுவல். இதை இழிந்த தொழிலென்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. ஆனால் இதைப் பெறுவதற்கு நான் ஒரு பொய் எழுதவேண்டியிருந்தது.

2003ஆம் ஆண்டு நான் முதற்படிவத்தில் சேர்ந்தேன். கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் நம் நாட்டுப் பள்ளிகளில் தொடங்கியதும் அவ்வாண்டுதான். இரண்டாண்டு கழித்து, 2005இல், அரசாங்கம் தேசிய உயிரியல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. இனி ஆய்வுக்கூடங்கள் பெருகும், படித்த ஆட்கள் ஏராளமாய் வேண்டியிருக்கும் என்று பள்ளியில் எங்களுக்குச் சொன்னார்கள். ஆங்கிலமும் விஞ்ஞானமும் சேர்ந்தால் உத்தியோகம் வீடு தேடி வரும் என்பது என் தகப்பனாரின் முடிவு. அவர் நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டியவர்; அம்மா மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கியவர். அம்மாவின் காதுத்தோடு அடகுக்கடைக்குப் போயிற்று. மீதிக்கு உயர்கல்விக் கடன் வாங்கினேன். 2012இல் உயிரியல் தொழில்நுட்பப் பட்டதாரியானேன். பட்டத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிட்டு நடுவீட்டில் மாட்டினார் தகப்பனார். பாட்டியின் படத்துக்கும் மேலே மாட்டினார்.

ஆய்வுக்கூடங்கள் இல்லாமற் போகவில்லை. இருந்தவை சில, காத்திருந்தவர்கள் பலர். முதுகலைப் பட்டமுண்டா, அனுபவமுண்டா என்று கேட்டார்கள். அனுபவம் பெறுவதற்குத்தானே வந்தேன்! ஓராண்டு சென்றபின் கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் மனுப் போட்டேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்ணிட்டு எழுதி வைத்தேன். மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. பதில் வந்தவை பத்தொன்பது.

அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஈப்போவில் ஒரு பெரிய கடையில் சரக்கறைக் கணக்குப் பிள்ளை வேலை. நேர்முகம் கண்ட அம்மையார் தமிழர். என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெய்யான இரக்கத்தோடு, "தம்பி, உங்கள் படிப்புக்கு இது தகாது. மூன்று மாதத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விடுவீர்கள். நான் மறுபடியும் ஆள் தேடவேண்டும்" என்றார். அவர்மீது குற்றமில்லை. "படிப்புக்குத் தகாவிட்டால் பசிக்குத் தகுமே, அம்மா" என்று சொல்லியிருக்கலாம். அவ்வார்த்தை எனக்குப் பஸ் பாதித் தூரம் வந்த பிறகுதான் தோன்றிற்று.

தகுதி குறைவென்றால் மேலும் படித்துச் சரிசெய்யலாம். தகுதி மிகுதியென்றால் படித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? நான் தனியொருவனல்லன். மலேசியப் புள்ளிவிவர இலாகா அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட கணக்குகளைப் பார்த்தால், உயர்கல்வி பெற்று வேலை செய்வோருள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தம் படிப்புக்குக் குறைந்த வேலையில் இருக்கின்றனர். ஆனால் லயத்தில் குடியிருப்பவனுக்குக் கணக்கு ஆறுதலாகாது. "இன்னும் கிடைக்கவில்லையா?" என்று அண்டை வீட்டார் கேட்டபொழுது கோபம் வந்தது. அவர்கள் கேட்பதை நிறுத்தியபொழுது கோபமும் போய்விட்டது. வாசலில் உட்காரவே கூசிற்று.

2014இல் எங்கள் தோட்ட ஆபீசிலேயே ஓரிடம் காலியாயிற்று. துரை புதிதாக மாற்றலாகி வந்தவர். பெரிய கிராணியார் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, பட்டமென்று எழுதினால் துரை எடுக்கமாட்டார். ஐந்தாம் படிவத்தோடு நிறுத்திக்கொள்" என்றார். அப்படியே எழுதினேன். இடைப்பட்ட வருஷங்களுக்குத் தகப்பனாருடன் குலை வெட்டினேன் என்று எழுதினேன். மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் நான் எழுந்து பார்க்கையில் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. துரை என்றேனும் லயத்துப் பக்கம் வந்தால் பார்த்துவிடுவாரென்று, பட்டத்தை அம்மாவின் பழஞ்சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொல்லாமலேயே செய்தார் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

வேலை கிடைத்தது. அக்காலத்தில் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 ரிங்கிட். எனக்கு அதற்குச் சற்று மேல். அதிலே ஒரு பகுதி, மறைத்து வைத்த பட்டத்தின் கடனுக்குப் போயிற்று. லயத்தார் எல்லோருக்கும் இரகசியம் தெரியும். ஐந்தாண்டுகள் ஒருவராவது துரையிடம் வாய் திறக்கவில்லை. நம்மவர் ஒற்றுமையற்றவர் என்று மேடையில் முழங்குவோரைக் கேட்கும்பொழுதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

செம்பனைக்கும் எங்கள் குடும்பத்துக்கும் விஞ்ஞானத்தின் வழியாக ஏற்கெனவே ஒரு தொடர்பு உண்டு. என் பாட்டி செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவியவர். 1981இல் கெமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைத் தருவித்து விட்டார்கள். பாட்டி செய்ததை அது கூலியின்றிச் செய்தது. பாட்டி களை பிடுங்கப் போனார்.

என் பொய்யை வெளியாக்கியதும் செம்பனைதான். 2019இல், மறுநடவு செய்த ஒரு காட்டில் முதற் குலைகள் வெட்டினோம். சில மரங்களின் பழத்தில் சதை மெலிந்தும் ஓடு தடித்தும் இருந்தன. எருவில் குறையென்று துரை எண்ணினார். நான் ஒரு பழத்தைக் கத்தியால் இரண்டாக வெட்டிக் காட்டினேன். தடித்த ஓடுடைய டூராவையும் ஓடில்லாத பிசிபெராவையும் கலந்து பிறப்பதே நாம் நடும் தெனெரா. இவை டூராக் கன்றுகள், நாற்றங்காலிலேயே கலந்துவிட்டவை என்றேன். ஓட்டின் தடிப்பை நிர்ணயிக்கும் மரபணுவை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆராய்ச்சியாளர் 2013இல் கண்டறிந்து வெளியிட்டதையும், வேலையற்றிருந்த நாளில் அதைப் படித்தவன் ஆதலால், வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கே படித்தாய்?" என்றார். சொன்னேன். "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றார். "சொல்லியிருந்தால் எடுத்திருப்பீர்களா?" என்றேன். சிறிது யோசித்து, "மாட்டேன்" என்றார். உண்மையே பேசினார். வேலையும் போகவில்லை, உத்தியோகம் உயரவும் இல்லை. அன்றிரவு தகப்பனார் பெட்டியைத் திறந்தார். சட்டத்தின் ஓரமெல்லாம் பூஞ்சணம். வேட்டி முனையால் துடைத்துவிட்டுப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

அதன் கீழே உட்கார்ந்துதான் அந்தப் பெண் இவ்வளவையும் கேட்டாள். எந்தத் துறையைக் கேட்பது, அத்துறையில் ஆள் எடுப்பவர்கள் யார், கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டில் தீரும் என்று இருவரும் கணக்குப் போட்டோம். என் காலத்தில் எனக்கு அப்படிக் கணக்குப் போட்டுத் தர ஆளில்லை. பின்னர் மனுவில் அவள் பெயரை எழுதத் தொடங்கினோம். பாதியில் நிறுத்தி, "அண்ணா, நாளைக்கு நானும் மறைக்க வேண்டிவந்தால்?" என்று கேட்டாள்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, அடுத்த கட்டத்தில் எண்ணை நிரப்பினேன்.