யோஸாரியன் எஞ்சின்

15,000 ரூபாய். பார்லிமெண்டில் கேள்வி கேட்பதற்காக ஒரு அங்கத்தினர் வாங்கிக்கொண்ட தொகை. 2005 டிசம்பரில் வெளிவந்த விவகாரத்தில் இதுதான் மிகக் குறைவு; மிக அதிகம் 1,10,000. இல்லாத ஒரு சிறு உற்பத்தியாளர் சங்கத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு போன பத்திரிகைக்காரர்கள் இதை ரகசியக் காமிராவில் பிடித்தார்கள். அந்த மாதம் 23ஆம் தேதி லோக்சபையிலிருந்து 10 பேரும் ராஜ்யசபையிலிருந்து ஒருவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஊழல் என்றால் எல்லோரும் தொகையின் பெருமையைப் பார்த்துத்தான் ஆத்திரப்படுகிறார்கள். என்னைத் தொந்தரவு செய்வது அதன் சிறுமை.

இது புதிதும் அல்ல. 1951ல், தற்காலிகப் பார்லிமெண்டில், எச். ஜி. முத்கல் பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகளின் சங்கத்துக்காகச் சபையில் காரியம் பார்த்துப் பெற்றதாக விசாரணைக் கமிட்டி கண்டது 2,700 ரூபாய். வெளியேற்றத் தீர்மானத்தை நேருவே கொண்டுவந்தார். ஓட்டெடுப்புக்கு முன் முத்கல் ராஜினாமா செய்துவிட்டார். அன்றைய 2,700 இன்றைய 2,700 அல்லதான். ஆனாலும் சுதந்திரம் வந்து நான்கு வருஷம்கூட நன்றாக ஆகவில்லை.

நான் பாங்க் குமாஸ்தா. நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருந்த நாட்களில் ஒரு தரகர், தான் கூட்டிவரும் ஆட்களை வரிசைக்கு முன்னால் பார்த்தனுப்பும்படி சொல்லி, 500 ரூபாயை மடித்துச் சலானுக்கு அடியில் வைத்தார். சலானோடு திருப்பித் தள்ளினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதுல என்ன சார் இருக்கு, ஒண்ணுமில்லாத விஷயம்" என்றார். வீடு திரும்பும்போது என் கோபத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்த்தேன். லஞ்சம் என்பதாலா, ஐந்நூறு என்பதாலா? ஐம்பதாயிரமாக இருந்தால் இதே அளவு அவமானமாக இருந்திருக்குமா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தரகரின் வாக்கியம் மட்டும் போகவில்லை. விலை மலிவாக இருப்பதன் காரணம் அதில்தான் இருக்கிறது என்று படுகிறது. விற்கிறவனுக்குத் தான் எதையும் விற்பதாகவே பிரக்ஞை இல்லை. வரிசையில் ஒரு இடம், ஒரு சிபாரிசுக் கடிதம், ஒரு கேள்வி. கையிருப்பிலிருந்து எதுவும் குறைவதில்லை. சும்மா கிடப்பதற்கு வந்தவரை லாபம். பேரம் பேசுவதற்குக்கூடப் பொருளின் மதிப்பு தெரிந்திருக்க வேண்டுமே.

பார்லிமெண்ட் கேள்விக்கு அன்று அங்கத்தினரின் கையெழுத்து வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் பல லட்சம் பேருடைய ஓட்டு இருக்கிறது. கையெழுத்திட்டவர் எதன் கீழ் கையெழுத்திட்டோம் என்று படித்தாரா? இல்லை என்பதற்கு இலக்கியமே சாட்சி. பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொடுத்த கேள்விகளில் ஒன்று, ஜெர்மனியிலிருந்து யோஸாரியன் எலெக்ட்ரோ டீஸல் எஞ்சின் வாங்க ரயில்வே ஆர்டர் கொடுத்திருக்கிறதா என்பது. டாம் வுல்ஃப் கமிட்டி அறிக்கை என்றும் ஒன்று அதில் வருகிறது. யோஸாரியன், ஜோஸஃப் ஹெல்லரின் 'காட்ச்-22' (1961) நாவலின் நாயகன். வுல்ஃப் அமெரிக்க எழுத்தாளர். முதலில் இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கியதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சில பிரயோஜனங்களில் இது ஒன்று. அங்கத்தினர்கள் ஹெல்லரைப் படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் பேராசிரியர்களிடமே அதை எதிர்பார்க்க முடியாது. இப்படி ஒரு எஞ்சின் உண்டா என்று ரயில்வேக்காரர் யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

நாவலில் யோஸாரியன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்கிறான். சலிப்பில், தன் பெயருக்குப் பதில் வாஷிங்டன் இர்விங் என்று கையெழுத்துப் போடுகிறான். யாரிடமும் காசு வாங்கவில்லை. அந்தப் பொய்க் கையெழுத்தில் யுத்தத்துக்கு எதிராக ஒரு முணுமுணுப்பாவது இருந்தது. டில்லியில் கையெழுத்து அசல், கேள்விதான் பொய். செக்கில் வந்திருந்தால், மாதிரியோடு ஒத்துப் பார்த்துவிட்டு, நானே பாஸ் செய்திருப்பேன்.