கையிலிருக்கும் குழாயைப் பாருங்கள்



சிவாஜிநகரில் குடியிருக்கும் நம்மில் பலருக்கு பௌரிங் மருத்துவமனையின் வாசல் புதிதல்ல. ஆனால் எந்த மருத்துவமனைக்கு வியாதியஸ்தரைச் சந்திக்கச் சென்றாலும் ஒரே கேள்வி என் காதில் விழுகிறது: "பாஸ்டர், டிரிப்ஸ் ஊசி போட்டு மூன்று நாளாயிற்று, மாற்ற வேண்டாமா?"

முதலாவது, கைக்குள் ஊசி இல்லை. குத்திய ஊசியை உடனே உருவிவிடுகிறார்கள். இரத்தக்குழாயில் தங்குவது கேனுலா என்னும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டுமே. இதை அறியாமல் விரலைக்கூட மடக்க அஞ்சிப் படுத்திருப்போர் அநேகர்.

72 முதல் 96 மணி நேரத்திற்குள் அதை மாற்றிவிடுவது நெடுநாளைய வழக்கம். 2012இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. நாள் கணக்கின்படி மாற்றியவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும் இரத்தக்குழாய் அழற்சி 7 சதவீதமே. அப்படியானால் நாள் கணக்கை விட்டுவிடலாமா? ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2018இல் விட்டுப்பார்த்தன. இரத்தத்தில் கிருமித்தொற்று அதிகரித்தது. 2019இல் பழைய முறைக்கே திரும்பின. தினமும் உற்றுப் பார்க்க ஆள் இருக்கும் இடத்தில்தான் காத்திருக்கலாம் என்பதே என் எண்ணம். நெருக்கடியான வார்டில் அந்த ஆள் பெரும்பாலும் நீங்கள்தான்.

ஒரு சகோதரி, மறுபடியும் குத்துவார்களே என்ற பயத்தில், வீங்கிய கையைச் சேலைத் தலைப்பால் மூடி வைத்திருந்தார். நான் கைகுலுக்கப் போனதால் தெரிந்தது. அதற்குள் முழங்கைவரை சிவந்து, இரத்தக்குழாய் கயிறுபோல் இறுகியிருந்தது.

வலி, சிவப்பு, வீக்கம், மருந்துக் கசிவு, சீழ், காரணமில்லாத குளிர்காய்ச்சல் ஆகியவற்றில் எது கண்டாலும், முதல் நாளானாலும், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் பிளாஸ்திரி நனைந்தாலோ பிரிந்தாலோ அதையும் சொல்லுங்கள். விபத்து நேரத்தில் அவசரமாகப் போட்ட குழாயை 48 மணி நேரத்திற்குள் மாற்றிவிடுவது நல்லது. கன்னடம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். "கை நோவு" என்றால் இரு மொழியிலும் ஒன்றுதான்!

டிரிப்ஸ் நின்று, மருந்தும் மாத்திரையாகிவிட்டதா? "சிஸ்டர், இது இன்னும் தேவையா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நீங்களாகப் பிடுங்காதீர்கள். எடுத்த பின்னும் இரண்டு நாட்கள் அவ்விடத்தைக் கவனியுங்கள். வீடு திரும்பிய பிறகும் சிவப்பு தோன்றுவதுண்டு.