கொலோன் நகரத்தின் ஒரு நிலக்கீழ் அறை



காய்ச்சல் வந்தால் உம்மாமார் துணியில் நனைத்து நெற்றியில் போடும் ஓடிகொலோனைத் தெரியாதவர் நம் ஊரில் இல்லை. அந்தப் பெயரின் அர்த்தமே 'கொலோன் நகரத்துத் தண்ணீர்' என்பதுதான். ஜேர்மனியில், ரைன் நதிக்கரையில் இருக்கிற அந்தக் கொலோனை இரண்டு நாள் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு இந்த விடுமுறையில் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். கலாசாலையில் என்னோடு படித்து இப்போது ஜேர்மனியில் குடியிருக்கும் நண்பரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் கூட வந்தார்கள்.

போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. அதனால் முதலில் மத்திய பள்ளிவாசலுக்கு ஜும்ஆவுக்குப் போனோம். மொட்டு விரிவது போலக் கொங்கிரீட் இதழ்கள், நடுவே கண்ணாடி. உள்ளே நிற்பவருக்கு ரோட்டும், ரோட்டில் போகிறவருக்கு பள்ளியும் தெரியும். சுமார் 1200 பேர் தொழலாம். இரண்டு மினாராக்களும் 55 மீற்றர் உயரம். இதை வரைந்த போல் பூம், தேவாலயங்கள் கட்டிப் பெயரெடுத்த ஒரு கிறிஸ்தவக் கட்டிடக்கலைஞர் குடும்பத்தில் வந்தவர். இந்தப் பள்ளி வரக்கூடாது என்று ஊர்வலம் போனவர்களும் அதே நகரத்தில் இருந்தார்கள். இருந்தும் பள்ளி வந்தது. 2022 ஒக்டோபரில் வெள்ளிக்கிழமை பாங்கை ஒலிபெருக்கியில் சொல்லவும் அனுமதி கிடைத்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, சத்தத்துக்கும் ஓர் அளவு உண்டு.

மறுநாள் காலை பெரிய தேவாலயம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் தலைக்கு மேல் நிற்கிறது. 1248 இல் தொடங்கி, நடுவில் முந்நூறு வருடம் வேலை நின்று, 1880 இல் முடித்தார்களாம். உயரம் 157 மீற்றர். கோபுரத்தில் ஏற 533 படி, லிஃப்ட் கிடையாது. பாதியிலேயே ஒரு கூட்டாளி "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

மேலே நின்றபோது நண்பர் ஒரு விசயம் சொன்னார். 2015 ஜனவரியில் முஸ்லிம்களுக்கு எதிரானவர்கள் அந்த நகரத்தில் ஊர்வலம் வைத்தார்கள். அன்றிரவு தேவாலய நிர்வாகம் வெளிவிளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. எங்கள் தேவாலயத்தைப் பின்னால் வைத்து நீங்கள் வெறுப்புப் பேச முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆனால் ஊருக்கு வந்த பிறகும் என் மனதை விட்டுப் போகாதது அங்கிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் இன்னொரு கட்டிடம். பெயர் எல்-டே ஹவுஸ். 1935 முதல் 1945 வரை ஹிட்லரின் இரகசியப் பொலிஸான கெஸ்டாப்போவின் கொலோன் தலைமையகம். நிலக்கீழ்த் தளத்தில் பத்துச் சிறைக்கூடங்கள். ஓரிருவர் படுக்கிற இடத்தில் முப்பது பேர் வரை அடைத்திருக்கிறார்கள். முற்றத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். அடைபட்டவர்கள் ஆணியாலும் பென்சிலாலும் நகத்தாலும் சுவரில் எழுதியவை சுமார் 1800 இருக்கின்றன. பேர், திகதி, வீட்டுக்கு ஒரு வரி.

யுத்தம் முடிந்ததும் நகரம் இதை நினைவிடமாக்கவில்லை. மாநகரசபைக் காரியாலயங்கள் அங்கே குடிவந்தன. அந்த எழுத்துகள் இருந்த சுவர்களின் மேல் ஃபைல்களை அடுக்கினார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அப்படியே போனது. 1979 இல் கேர்ட் ஹொல் என்ற ஆசிரியரும் கேர்னோட் ஹுய்ஸ்கெஸ் என்ற புகைப்படக்காரரும் ஓர் இரவு உள்ளே ஒளிந்து பூட்டுப்பட்டு, விடிய விடிய அந்த எழுத்துகளைப் படம் எடுத்தார்கள். விசயம் வெளியே வந்த பிறகுதான் நகரம் அசைந்தது. 1981 இல் நினைவிடம் திறக்கப்பட்டது.

அங்கே போனது முதல் ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். காத்தான்குடியில் 1990 ஓகஸ்ட் 3 இல் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்ட பள்ளியில் துவக்குச் சூட்டு அடையாளங்களைப் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறோம். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் சனங்களின் கதையையும் மறக்கவில்லை. அது நமக்கு நடந்தது. அதைக் காப்பது நம் கடமை.

கொலோனுக்கும் நடந்தது. 1942 மே 30 இரவு அந்த ஒரு நகரத்தின் மேல் குண்டு போட ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் அனுப்பப்பட்டன. தங்கள் இழப்பை மட்டும் சொல்லி அழ அவர்களுக்கும் காரணம் இருந்தது. ஆனாலும் நகரத்தின் நடுவில், இது எங்கள் ஆட்கள் செய்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

கிழக்கில் அந்த வருடம் எரிந்தது நம் கிராமங்கள் மட்டுமல்ல. நம்மவர் கையால் இழந்தவர்கள் பக்கத்துத் தமிழ் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் கொன்றவர்கள் நம் பேரைச் சுமந்தவர்கள். அதற்குப் பிறகு நம் கடைகள் எரிந்ததும் உண்மை, நம் பிள்ளைகள் பட்ட அவமானமும் உண்மை. ஆனால் "அவங்க முஸ்லிமே இல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் பிள்ளைகள் எதையும் படித்துக்கொள்ள மாட்டார்கள். தனக்கே பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லும்படி சூறா நிஸாவில் அல்லாஹ் சொல்வது நமக்குத்தானே?

1990 இல் நாற்பது வயதில் இருந்தவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். சுவரில் எழுதி வைக்காதவர்களின் கதை அவர்களோடு போய்விடும். அதனால் அடுத்த தவணையில் தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்க நினைத்திருக்கிறேன். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடமும் பக்கத்துத் தமிழ் ஊரிலுள்ள மூத்தவர் ஒருவரிடமும் அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டு எழுதி வர வேண்டும். தனியாக அல்ல, நானும் கூடப் போவேன்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். பிள்ளைகளை அனுப்புவீர்களா?