அப்பாவின் இரட்டைக் கார்பரேட்டர்



கடந்த வாரம் பெற்றோர் சந்திப்பு முடிந்து கிளம்புகையில், பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் தந்தை என்னைத் தனியே அழைத்தார். மகளின் கணக்குப் பாடத்தைப் பற்றிக் கேட்கப்போகிறார் என எண்ணினேன். அவரோ, "சார், பழைய யமஹா ஆர்.டி. 350 ஒன்னு வாங்கியிருக்கேன். ரெண்டு கார்பரேட்டரும் ஒத்துப்போக மாட்டேங்குது. ஒன்னா மாத்திடலாமா? ஒங்க அப்பா மாத்தினாருன்னு சொன்னாங்க" என்றார். நின்றவாறே விடையளிக்க இயலவில்லை. ஆகவே இங்கு எழுதுகிறேன்.

அப்பா மாற்றவில்லை. மாற்றச் செய்தவன் நான்.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். அவருக்கிருந்த ஒரே ஆடம்பரம் அந்த மோட்டார் சைக்கிள். ஞாயிறுதோறும் தூண்டிலைக் கட்டிக்கொண்டு பாகான் நக்கோடா ஓமார் படகுத்துறைக்குப் போவார். யமஹா 1973இல் அறிமுகப்படுத்திய ரகம் அது. 347 சிசி, இரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒன்றாக மிக்குனி கார்பரேட்டர். இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இதனையே 1983 முதல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் தயாரித்தது. பெட்ரோல் செலவைக் குறைக்கவென 30.5 குதிரைத்திறனை 27ஆகக் குறைத்த வண்டியும் அங்கு வந்தது. அதிலும் கார்பரேட்டர் இரண்டுதான்! இதனை அன்றே அறிந்திருந்தால் சற்று யோசித்திருப்பேன்.

2008 ஜூனில் நம் நாட்டில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1.92 வெள்ளியிலிருந்து 2.70 வெள்ளிக்கு ஒரேயடியாக ஏறியது. நான் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு. "ஒன்றே போதும்" என்று வாதாடினேன். அப்பா அரைமனத்தோடு இசைந்தார்.

என் வாதம் முற்றிலும் பிழையன்று. அவ்வியந்திரத்தில் ஒரு பிஸ்டன் மேலேறும்போது மற்றது கீழிறங்கும். இரண்டும் மாறி மாறித்தான் மூச்சிழுக்கின்றன. ஆகவே கவட்டை போல் பிரியும் குழாய் ஒன்றைப் பொருத்தி, ஒரே கார்பரேட்டரிலிருந்து இரண்டுக்கும் ஊட்டலாம். ஜெட்டைப் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பிடியிலிருந்து வரும் கம்பி மூன்றாகப் பிரிந்து, இரு கார்பரேட்டர்களையும் எண்ணெய்ப் பம்பையும் இழுக்கிறது; ஒன்றை நீக்கினால் பம்பின் இழுவையையும் சரிபார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் கவனித்தேன்.

கவனிக்காதது பிளக்கை. முதல் ஓட்டத்திற்குப் பின் கழற்றிப் பார்த்தோம். இடப்பக்கத்துப் பிளக் காப்பித்தூள் நிறம். வலப்பக்கம் சாம்பல் வெண்மை. "சுத்தமாக எரிகிறது" என்றேன். உண்மையில், கவட்டைக் குழாயின் வலது இணைப்பு வழியே காற்று புகுந்துகொண்டிருந்தது. காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

மூன்றாம் ஞாயிறு, வயல்வெளிச் சாலையில் அது கவ்வியது. பின்சக்கரம் இறுகிற்று. கிளட்ச் பிடியில் எப்போதும் இரு விரல்களை வைத்து ஓட்டும் பழக்கம் அப்பாவுக்கு. உடனே அழுத்தியதால் வாய்க்கால் ஓரத்தில் சரிந்ததோடு போயிற்று. முழங்கால் கிழிந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வலது பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"வாத்தியாரே, புள்ளைங்க நோட்டப் பாக்குற மாதிரி இதையும் பாத்திருக்கலாமே."

வேறொன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் கால் வழுக்கியதாகக் கூறிவிட்டார்.

சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட ஆன செலவில் பல மாதங்களுக்குப் பெட்ரோல் ஊற்றியிருக்கலாம். பழைய கார்பரேட்டர்களை அப்பா செய்தித்தாளில் சுற்றி மைலோ டின்னில் வைத்திருந்தார். மீண்டும் அவையே ஏறின. காற்று வடிகட்டியைக் கழற்றி, இரு வாய்களிலும் விரலை வைத்து, கைப்பிடியை மெல்லத் திருகுவார். உள்ளிருக்கும் இரு அடைப்பான்களும் ஒரே நொடியில் எழுகின்றனவா என்று விரலாலேயே அறிவார். எழாவிட்டால் கம்பித் திருகைக் கால் சுற்று திருப்புவார். அவ்வளவுதான் அவருடைய வித்தை.

என்னிடம் கேட்ட அத்தந்தைக்கும் முதலில் இதையே செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்படியும் ஒத்துவரவில்லையெனில், சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கை முடிந்ததும் வண்டியைப் பள்ளிக்குக் கொண்டுவருவார். இரண்டு பிளக்கையும் நானே கழற்றிப் பார்ப்பேன்.