தானா ஆற்றங்கரையில் ஒரு கோடை

கடையில் ‘செமன் ரின்’ என்று கேட்டு வாங்குவோமே, அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். முகாமில் இருந்த நாட்களில் ஒரு ரின் கிடைத்துவிட்டால் அன்று எங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைகளுக்குப் பெருநாள்தான். அந்த ரின்களில் பெரும்பாலும் இருந்தது செமன் அல்ல, வேறொரு மலிவான கடல்மீன் என்பதை நோர்வேக்குப் போன பிறகுதான் அறிந்தேன். உண்மையான செமன் வலையில் துள்ளுவதைக் கண்டது 2005ஆம் ஆண்டுக் கோடையில்.

நான் மயிலிட்டியில் பிறந்தவள். ஐயா கடற்றொழிலாளி. 1990 ஜூனில் ஊரைவிட்டு ஓடினோம். சில வருடம் முகாமில் கழிந்தது. பின்னர் திருமணமாகி, கணவர் இருந்த பொட்ஸ்ஃபியோர்ட் என்ற மீன்பிடிக் கிராமத்துக்குப் போனேன். அது நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் மாகாணத்தில் இருக்கிறது. 1980களில் இருந்தே எங்கள் ஆட்கள் அந்தக் கரையோர மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து வந்தார்கள். நானும் கத்தியோடு நின்று கொட் மீன் வெட்டினேன்.

எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர், என்னைவிட மூத்த ஒரு பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சாமி இனத்தைச் சேர்ந்தவர். வடக்கு நோர்வேயின் பூர்வீக மக்களுக்கு அதுதான் பெயர். “எங்கள் மொழியில் சாமி என்றால் கடவுள்” என்று சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வருடம் ஜூன் முடிவில், “என் அம்மா வீட்டுக்கு வா, செமன் பிடிக்கலாம்” என்று என்னைக் கூட்டிச் சென்றார்.

அவரது தாய்வீடு தானா ஆற்றங்கரையில் இருந்தது. அந்த ஆறு நெடுந்தூரம் நோர்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லையாக ஓடுகிறது. 1928இல் ஏறத்தாழ 36 கிலோ எடையுள்ள செமன் ஒன்று அங்கே பிடிபட்டது. அந்தக் காலத்தில் அங்கே சூரியன் மறைவதில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கும் வெயில். நுளம்போ எங்கள் ஊரைவிட அதிகம்!

ஆற்றில் மரக்கால்களை நட்டு, கரையிலிருந்து அணைபோல் அடைத்து, அதன் முனையில் வலை கட்டுவார்கள். பரவைக்கடலில் எங்கள் ஆட்கள் கட்டும் களங்கண்டியைப் போலவே இருந்தது. வாரத்தில் குறித்த நாட்களில்தான் வலை போடலாம். நீண்டு ஒடுங்கிய மரப்படகில் அக்கா துடுப்புப் போட, நான் வலையைத் தூக்கினேன். எட்டுக் கிலோ வரும், வெள்ளிபோல் மின்னும் செமன் ஒன்று அதில் கிடந்தது. வலையின் பாரம் கையில் ஏறியதும் ஐயாவின் நினைவு வந்து அழுதுவிட்டேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. துடுப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

செமன் ஆற்றுச் சரளைக் கற்களிடையே பிறக்கிறது. சில வருடம் ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போகிறது. அங்கே கொழுத்து, பிறந்த ஆற்றின் மணத்தை மோந்து, முட்டையிட அதே ஆற்றுக்கே திரும்பி வருகிறது.

அக்காவின் அம்மா மீனை உருளைக்கிழங்குடன் அவித்தார். மிச்சத்தை உப்பிட்டு வைத்தார். மறுநாள் நான் புளிவிட்டுக் குழம்பு வைத்தேன். உறைப்பில் கண்ணீர் வடிய வடிய அந்தக் கிழவி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். 1944 இலையுதிர்காலத்தில், பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபின்மார்க்கில் வீடுகளைக் கொளுத்தியது. பல்லாயிரம் பேர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்கள். பலர் குகைகளிலும் மண்குடிசைகளிலும் ஒளிந்திருந்தார்கள். “நாங்கள் திரும்பி வந்தபோது அடுப்புக்கல்தான் மிஞ்சியிருந்தது. ஆனால் அடுத்த கோடையில் செமன் வந்தது. அதைத் தின்றுதான் வீடு கட்டினோம்” என்றார்.

நெருப்பை விட்டு மீண்ட அந்தக் கரைக்கு இப்போது வேறு துன்பம். ஆற்றில் செமன் வரவர அருகிவிட்டது. அளவுக்கு மிஞ்சிய பிடி, கடலில் ஏற்பட்ட மாற்றங்கள் என்று காரணங்கள் சொல்கிறார்கள். ரஷ்யர்கள் முன்னர் வெள்ளைக்கடல் ஆறுகளில் விட்ட இளஞ்சிவப்புச் செமன் வேறு 2017 முதல் பெருங்கூட்டமாக ஆற்றில் ஏறுகிறது. அதே 2017இல் இரு நாடுகளும் புதிய மீன்பிடி விதிகளைக் கொண்டுவந்தபோது, தங்களைச் சரியாகக் கேட்கவில்லை என்று சாமி மக்கள் எதிர்த்தார்கள். 2021இல் தானாவில் செமன் பிடிப்பது முற்றாகத் தடுக்கப்பட்டது. அடுத்த வருடங்களிலும் தடை நீடித்தது.

தொலைபேசியில் அக்கா சொன்னார்: “மீன் பெருகட்டும், அது சரி. ஆனால் என் பேத்திக்கு வலை போடத் தெரியாது. ஆறு திறக்கும்போது தெரிந்தவர்கள் யார் இருப்பார்கள்?”

எனக்கு அது புதிய கேள்வி அல்ல. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. அடுத்த வருடம் போய்ப் பார்த்தேன். இருபத்தேழு வருடம்! முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிலருக்குச் சோளகம் எது, வாடை எது என்று தெரியவில்லை. அது அவர்களின் குற்றம் அல்ல. ஐயாமார் பலர் இல்லை. சொல்லிக்கொடுக்க மிஞ்சியிருப்பவர்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும்தான்.

அக்கா இப்போது பழைய படகுக்குத் தார் பூசுகிறார். வீட்டில் பேத்தியை இருத்தி வலை பின்னப் பழக்குகிறார். “ஆற்றில் போடத்தானே தடை, பின்னத் தடையில்லையே” என்கிறார்.

சகோதரிகளே, வலை பொத்தவும், கருவாடு போடவும், காற்றைப் பார்த்துக் கடலைச் சொல்லவும் உங்களில் எத்தனையோ பேருக்குத் தெரியும். காணி இன்னும் விடுபடாமல் இருக்கலாம், வள்ளம் இல்லாமல் இருக்கலாம். ஓய்வான ஒரு பின்னேரம் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள்.