அடித்தவன் கை

சாயம் மேலிருந்துதான் சாகும் என்பார் அப்பா. ஈப்போ, புந்தோங்கில் 38 வருடம் பட்டறை வைத்துக் கார்களுக்கு ஸ்பிரே அடித்தவர். முதலில் கூரை, பிறகு பானெட், பிறகு மட்கார்டின் முதுகு, கடைசியில் கதவுகள். வெயில் விழுகிற வரிசை அது. வெயிலின் புற ஊதாக் கதிர் சாயத்தைப் பிடித்துவைத்திருக்கும் பிசினை உடைத்துவிடும். பிசின் போனதும் நிறம் மட்டும் பொடியாக மேலே நிற்கும். ‘கையில நெறம் ஒட்டுச்சுன்னா காடி நெறத்த விடுதுன்னு அர்த்தம்’ என்று பட்டறைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

நம் ஊரில் வெளுத்த காடி வீட்டு வறுமையை வாசலில் நிறுத்தி வைப்பது மாதிரி. பெண் பார்க்க வருகிறார்கள், மகனுக்குக் கல்யாணம், தீபாவளி நெருங்குகிறது என்றால் ஆட்கள் பட்டறைக்கு வந்துவிடுவார்கள். பாதிப் பணம் இப்போது, மீதி மாசா மாசம். அப்பா பழைய சாயத்தைத் தேய்த்து எடுத்து, பட்டி பூசி, மறுபடி தேய்த்து, புதிதாக அடித்துக் கொடுப்பார். ஒரு வகையில் அவர் அழித்துக்கொடுத்தது அவர்களுடைய வெட்கத்தை.

அதனால்தான், போன வருடம் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் அண்ணன் எங்களைப் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய பிக்கப்பைக் காட்டக் கூட்டிப்போனபோது, நான் வண்டியைவிட அப்பாவின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

1950ஆம் வருடத்துச் செவர்லே 3100. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1947இல் செவர்லே வெளியிட்ட உருண்டை முகப் பிக்கப் வரிசையில் ஒன்று. ஆறு சிலிண்டர் எஞ்சின், ஏறக்குறைய 90 குதிரைத்திறன். பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், ஓட்டுநர் அறைக்குள்ளேயே இருக்கிறது. சாவியைத் திருப்பினால் மட்டும் போதாது, தரையிலிருக்கும் ஸ்டார்ட்டரைக் காலால் மிதிக்க வேண்டும். நிறம், அந்தக் காலச் செவர்லே பிக்கப்புகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய கரும்பச்சை. ஆனால் கதவின் கீழ்ப்பாதியில்தான் அது பச்சையாக இருந்தது. மேலே போகப் போக வெளுத்து, பானெட்டில் அடிப்பூச்சு தெரிந்து, கூரையில் இரும்பே பழுப்பாகிப் போயிருந்தது. தொழிற்சாலையில் அடித்த பிறகு யாரும் மறுபடி சாயம் அடிக்கவில்லை. சொந்தக்காரர் வருடம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பதோடு சரி.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழக்கத்தில் வலது பக்கம் போனவர், ஸ்டியரிங் இல்லாததைப் பார்த்துச் சுற்றி இடது பக்கம் வந்தார். ஜன்னல் விளிம்பில் ஓர் இடம் மட்டும் வழவழவென்று இரும்பாக மின்னியது. அதில் தன் முழங்கையை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

‘இந்தாளு கைய வெளிய போட்டுக்கிட்டுத்தான் ஓட்டியிருக்காரு.’

அண்ணன் மொழிபெயர்த்ததும் சொந்தக்காரர் சிரித்தார். ஓட்டியது அவருடைய அப்பா. வைக்கோல் கட்டும் வேலிக் கம்பியும் ஏற்றிய வண்டி. ஒவ்வொரு வருடமும் அறுவடை முடிந்ததும் சாயம் அடிக்கலாம் என்பாராம். அறுவடை முடியும், பணம் வேறு எதற்காவது போய்விடும்.

இந்த மாதிரி வண்டியின் தேய்மானத்துக்கு அமெரிக்காவில் ‘பாட்டினா’ என்று பெயர். வறண்ட காற்றில் துரு மேல்தோலோடு நின்றுவிடுகிறது. பனி விழும் மாநிலங்களில் சாலையில் தூவும் உப்பு வண்டியை அடியிலிருந்து தின்றுவிடும். அதனால் இந்தப் பாலைவன வண்டிகளுக்குத் தனி மவுசு. ஒரு பொருள் ஒரிஜினலாக இருப்பது ஒரே ஒருமுறைதான் என்பது அங்கே பழைய வண்டிப் பிரியர்களின் தாரக மந்திரம். மவுசு வந்தால் போலியும் வரத்தானே செய்யும்? புதிதாகச் சாயம் அடித்து, உப்புத்தாளால் தேய்த்து, வினிகர் தெளித்துத் துருப்பிடிக்க வைத்து, கதவில் இல்லாத பண்ணையின் பெயரை மங்கலாக எழுதிக் கொடுக்கிறார்கள். அடுத்த நாள் சென்ட்ரல் அவென்யூவில், அதாவது பழைய ரூட் 66இல், அப்படி ஒன்று நின்றிருந்தது. கதவின் அடிப்பகுதி வெளுத்திருந்தது, கூரை பச்சையாக இருந்தது. அப்பா இரண்டு நிமிடம்தான் பார்த்தார்.

‘வெயிலு என்ன கீழேருந்தா அடிக்கும்?’

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சாயம் அடிக்க வக்கில்லாமல் போன ஒரு விவசாயியின் வண்டியை, கராஜில் இன்னொரு புதுக் கார் வைத்திருப்பவர்கள் அழகு என்கிறார்கள். எங்கள் பட்டறைக்குத் தவணையில் பணம் கட்ட வந்த எவருக்கும் அந்த வசதி இருந்ததில்லை. வெளுத்த காடியில் போய் இறங்கினால் அவர்களை யாரும் ரசனைக்காரர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்குக் கோபமில்லை. பக்கத்து வீட்டு வண்டியை விட்டு அவருக்கு வர மனசும் இல்லை. மறுநாளும் போனார். கதவைத் திறந்து, கீல் பக்கம் குனிந்து, என்னைக் கூப்பிட்டார்.

‘இங்க பாரும்மா.’

வெயில் படாத அந்த மூலையில் சாயம் இன்னும் கரும்பச்சையாகவே இருந்தது. அதில் ஒரு துளி வடிந்து, பாதி வழியில் உறைந்து நின்றிருந்தது. தொழிற்சாலையில் துப்பாக்கி பிடித்தவன் ஒரு நொடி கையை நிறுத்தியிருக்க வேண்டும். அப்பா அந்தத் துளியைக் கட்டைவிரலால் தொட்டார்.

‘வேல முடியிற நேரமா இருந்திருக்கும். அவசரத்துல அடிச்சிருக்கான், பாவம்.’

70 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவன் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் கை அந்தக் கதவில் இருக்கிறது. ஒருமுறை தேய்த்துச் சாயம் அடித்துவிட்டால் அவனும் போய்விடுவான், ஜன்னல் விளிம்பில் முழங்கை வைத்தவரும் போய்விடுவார். சொந்தக்காரர் சாயம் அடிக்காமல் விட்டதை நான் ஏற்றுக்கொண்டது அந்த இடத்தில்தான். போலி வண்டிமேல் எனக்கிருக்கும் வெறுப்புக்கும் அதுதான் காரணம். அந்தத் தேய்மானத்துக்குப் பின்னால் ஆளே கிடையாது.

திரும்பி வரும்போது விமானத்தில் கேட்டேன். அப்பா அடித்த காடி ஏதாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்குமா, பார்த்தால் அடையாளம் தெரியுமா?

கொஞ்ச நேரம் யோசித்தார்.

‘நல்லா அடிச்சிருந்தேன்னா எப்படிம்மா தெரியும்?’